படகிழுக்கும் டிராக்டரின் ஆயில் சீல்

நான் டூப்ளிகேட் சீல் விற்பதாக என் முகத்துக்கு நேராகச் சொன்ன முதல் ஆள் முகத்துவாரக்குப்பத்து டிராக்டர்காரர்தான். ராயபுரத்தில் எங்கள் கடையில், நாலு பேர் நிற்கும்போது, கழற்றிய ஆயில் சீல் ஒன்றைக் கண்ணாடி மேசைமேல் டக்கென்று வைத்தார்.

“இன்னாக்கா, ஒரிஜினலுன்னு சொல்லி டூப்ளிகேட்ட தள்ளி வுட்டுட்டியே. மாட்டி ஒரு வாரம் ஆவல. மறுபடியும் ஆயிலு ஊத்திகினு கீது.”

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். தெருவுக்கே தெரிந்த விஷயம் அது. “எங்க கடையில பேரிங்கும் கெடைக்கும், ஏச்சும் கெடைக்கும்” என்று என் வீட்டுக்காரர் வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவருடைய ஆட்களும் என்னுடைய ஆட்களும் தூத்துக்குடிப் பக்கம். நான் பிறந்தது மட்டும் ராயபுரம். அதனால் வீட்டில் ஒரு தமிழ், கல்லாவில் ஒரு தமிழ், எழுத உட்கார்ந்தால் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் என்று மூன்றையும் வைத்துக் காலம் தள்ளுகிறேன். மணலிக் கம்பெனிகளுக்கும் துறைமுகத்துக்கும் அலைந்து ஆர்டர் பிடிப்பது அவர் வேலை. கடை என் பொறுப்பு.

எங்கள் கடையில் பேரிங்கும் ஆயில் சீலும் விற்கிறோம். ஆயில் சீலைப் பார்க்காதவர்கள் பார்க்காதவர்கள்தான், அவர்களுக்கு நஷ்டம். வளையல் மாதிரி ஒரு வளையம். வெளியே தகரத்தோல், உள்ளே ரப்பர். ரப்பரின் உள்விளிம்பு மெலிந்து மெலிந்து ஒரு உதடாக முடியும். அந்த உதட்டின் முதுகில் தலைமுடி கனத்துக் கம்பியைச் சுருட்டி ஒரு ஸ்பிரிங் போட்டிருப்பார்கள். கியர் பாக்ஸுக்குள்ளிருந்து வெளியே வரும் இரும்புத் தண்டை, அதாவது ஷாஃப்டை, இந்த உதடு சுற்றிலும் மெல்லப் பிடித்துக்கொள்ளும். ஷாஃப்ட் பேய் வேகத்தில் சுற்றும். உதடு அசையாமல் நிற்கும். உள்ளே குடம் குடமாக ஆயில் கொந்தளிக்கும், வெளியே ஒரு சொட்டு வராது. இத்தனை வருஷம் விற்றும், ஆளில்லாத மதியத்தில் ஒரு சீலை விரலில் மாட்டிச் சுழற்றிப் பார்ப்பது எனக்கு இன்னும் விட்டபாடில்லை. இவ்வளவு சின்னதை நம்பி அவ்வளவு பெரியது ஓடுகிறதே என்று மலைப்பாக இருக்கும்.

அப்படிப்பட்ட சாமானைத்தான் அவர் டூப்ளிகேட் என்றார். “தம்பி, என் கடையில டூப்ளிகேட் இருந்தா இந்தக் கடையையே கொளுத்திட்டுப் போ. நாளைக்குக் காலையில உன் வண்டிய நான் நேர்ல பார்க்கறேன்” என்று கத்தினேன். அவர் திகைத்துப் போனார். பிறகு குரலை இறக்கி, “வாக்கா. வந்து பாரு. எனக்கு வேற வழி தெரில” என்றார். அப்போதுதான் அவர் வலது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு இடது கையாலேயே எல்லாம் செய்கிறார் என்பதைக் கவனித்தேன்.

கதையை அவரே சொன்னார். கடலில் படகு ஓட்டியவர் அவர். ஒருநாள் வலைக்கயிறு வெட்டி இழுத்ததில் தோள்பட்டை போய்விட்டது. கை நெஞ்சுக்கு மேல் எழும்பாது. கடல் வேலை முடிந்தது. அந்தச் சமயத்தில்தான் குப்பம் ஒன்று சேர்ந்து, மீஞ்சூர்ப் பக்கம் வயலில் உழுது ஓய்ந்த ஒரு பழைய டிராக்டரை வாங்கியிருந்தது. கரையேறும் ஃபைபர் படகுகளை மணலில் மேலே இழுத்துப் போட. ஸ்டீயரிங் பிடிக்க ஒரு கை போதும் என்று அவரை ஏற்றி உட்கார வைத்தார்கள். இப்போது அந்த வண்டியின் கியர் பாக்ஸ் ஒழுகுகிறது. ஒழுகும் ஆயில் கிளட்ச் பிளேட்டில் ஏறினால் பிளேட் வழுக்கும். இன்ஜின் கத்தும், சக்கரம் நகராது. அலைக்கு நடுவே படகைக் கட்டிக்கொண்டு அப்படி நின்றுவிட்டது இரண்டு மூன்று தடவை. காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, ஆளோடு சேர்த்து வெளி வண்டியை வரவழைத்துக்கொள்ளலாம் என்று குப்பத்துத் தலைவர் சொல்லிவிட்டார்.

“கடலுக்குப் போவ முடியாதவனுக்கு அதான்கா படகு. அதுவும் பூட்ச்சின்னா வூட்டுல குந்திகினு கூரைய பாக்க வேண்டிதான்” என்றார்.

மறுநாள் கடையை வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பினேன். “சீல் விக்கிறவ சீலு பின்னாலயே போவாளா? ஆத்திரத்துல யாரையும் ஏசிட்டு வந்திராத” என்றார் அவர். கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்குள் ஸ்கூட்டரை நுழைத்து நுழைத்து, திருவொற்றியூர் தாண்டி, மணலி வாடையைச் சேலைத்தலைப்பில் வடிகட்டி, எண்ணூர் போய்ச் சேருவதற்குள் என் கோபத்தில் பாதி எக்ஸ்பிரஸ் சாலையிலேயே தீர்ந்துபோயிருந்தது.

மீதிப் பாதி அந்த டிராக்டரைப் பார்த்ததும் போயிற்று. வண்டியை இரண்டாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள்.

வாய் தவறிச் சொல்லவில்லை. கியர் பாக்ஸின் முன்பக்கத்து சீலை மாற்ற வேண்டுமானால் டிராக்டரை இடுப்பில் இரண்டாகக் கழற்றித்தான் ஆக வேண்டும். அது எனக்கு வாய்ச் சொல்லாகத் தெரியும். கண்ணால் கண்டது அன்றுதான். இன்ஜினும் முன்சக்கரமும் ஒரு பக்கம், பெரிய பின்சக்கரங்களும் கியர் பாக்ஸும் ஒரு பக்கம், நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவு வெறும் மணல். முட்டுக்கொடுத்திருந்தவை படகு உருட்டுகிற கட்டைகள். மூன்று மரங்களைக் கூம்பாகக் கட்டி அதிலிருந்து சங்கிலி தொங்கியது. அந்த இடைவெளிக்குள் போய் நின்றேன். இவ்வளவு பெரிய இரும்பு ஜந்துவைப் பிரித்தது என் உள்ளங்கை அகல வளையம் ஒன்றை மாற்றுவதற்காக. நான் அதைக் காகிதத்தில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, அடுத்த ஆளைப் பார்த்து ‘உங்களுக்கு என்ன’ என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

ஷாஃப்டைத் துணியால் துடைத்து நகத்தால் தடவினேன். நகம் ஓரிடத்தில் இறங்கி ஏறியது. சுற்றிலும் ஒரு பள்ளம், கோடு கிழித்தாற்போல். சீலின் உதடு உட்காரும் இடம் அது.

“இன்னாக்கா பாக்குற?”

“ரப்பர் இரும்பைத் தின்னிருக்குது தம்பி. விரலால தொட்டுப் பாரு.”

அவர் நம்பவில்லை. தொட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தொட்டார். விரலால் நசுக்கினால் நசுங்குகிற ரப்பர், நெருப்பில் காய்ச்சி உருவாக்கிய எஃகைத் தேய்த்துப் பள்ளம் போட்டிருந்தது. ரப்பரில் ஒட்டிக்கொள்ளும் மண்துகள்தான் அறுக்கிறது என்று கம்பெனிக்காரர்கள் காரணம் சொல்வார்கள். காரணம் இருக்கட்டும், நான் மறுபடி மறுபடி நகத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளத்தில் உட்கார்ந்தால் எந்தப் புது சீலும் ஒழுகத்தான் செய்யும். ஆகவே சீலை அடிவரை அடித்து இறக்காமல் ஒரு நகக்கனம் முன்னாலேயே நிறுத்தச் சொன்னேன். உதடு தேயாத இடத்தில் உட்காரும். அந்த வேலையைச் செய்தது அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. குப்பத்தில் ஃபைபர் படகுகளுக்கு ஓட்டை அடைப்பவர் அவர்தான். சீலைச் சுற்றிலும் கட்டை வைத்துத் தட்டித் தட்டி இறக்கியதில் எவ்வளவு பதமான கை என்று தெரிந்தது. முடிந்ததும் என்னை அழைத்து வண்டியைக் காட்டினார். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளுக்கு மராமத்து பார்த்துப் பெயின்ட் அடிக்கும்போது இந்த டிராக்டரையும் படகு வரிசையில் நிறுத்திப் பெயின்ட் அடிப்பார்களாம். மூக்கில் இரண்டு கண்கூட வரைந்திருந்தது.

“ஒரு குண்டூசி நொழையாதுக்கா. எங்கெங்க ஓட்ட கீதோ எல்லாத்தையும் ஃபைபர் போட்டு அடிச்சி வெச்சிக்கிறேன். கடலு தண்ணி ஒரு பொட்டு உள்ள போவாது” என்றார் மச்சான். நானும் “ஆஹா” என்றேன். 

சாயங்காலம் வண்டியை மூட்டி ஓட்டினார்கள். படகு ஒன்று அலைமேல் ஏறி வந்து மணலில் மூக்கைக் குத்தியது. டிராக்டர் பின்பக்கமாக நீருக்குள் இறங்கியது. கயிறு மாட்டியதும் பின்சக்கரங்கள் ஒரு கணம் மணலைப் பிசைந்தன. பிறகு வலையும் மீனும் இன்ஜினும் ஆட்களுமாக அந்தப் படகு அப்படியே மேலேறி வந்தது. குப்பத்துக்காரர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை; அவர்களுக்கு அது தினப்படி சமாச்சாரம். நான் வாயைத் திறந்தபடி நின்றேன். என் கடையிலிருந்து போன சாமான் வேலை செய்வதை என் வாழ்நாளில் முதல் தடவை பார்க்கிறேன். டிராக்டர்காரர் இருக்கையில் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்க்க வேண்டும். கை ஊனமானவர் என்று யாரும் சொல்ல முடியாது.

வெற்றி வீராங்கனையாக வீடு திரும்பினேன். வீட்டுக்காரரிடம் அந்தப் பள்ளத்தைப் பற்றி மூச்சு விடாமல் சொன்னேன். அவருக்குத் தூக்கம் வந்துவிட்டது.

அடுத்த வாரம் காலையில் கடை திறக்கும்போது போன் வந்தது.

“அக்கா, மறுபடியும் ஊத்துது. அன்னிக்கி முன்பக்கம் மட்டும் ஒழுவிச்சி. இப்ப பின்னால ரெண்டு சக்கரத்துகிட்டயும் ஒழுவுது.” 

திட்டியிருந்தால் தேவலை. குரலில் கோபமே இல்லை. பிறகு சொன்னார்: “கூண்டு ஏத்திட்டாங்க. பொயலு இன்னிக்கி ராவுக்கு வரும்றான். படகு எல்லாம் கீய கீது. முகத்துவாரம் மணலு மூடிகினு கீது, ஆத்துக்குள்ளயும் வுட முடியாது. ரோட்டாண்ட ஏத்தணும். நாலு படகு இஸ்த்துது, அவ்ளோதான், வழுக்குது. தலைவரு வெளி வண்டிக்கு போன் போட்டாரு. இந்தக் காத்துல எவனும் வர மாட்டன்றான்.”

கடையில் இருந்த அந்த அளவு சீல் அத்தனையும் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன். வீட்டுக்காரர் இந்த முறை கேலி செய்யவில்லை. ரெயின்கோட்டை எடுத்து நீட்டினார்.

வானம் ஈயப் பாத்திரத்தைக் கவிழ்த்தது போலிருந்தது. காற்று மணலை வாரி முகத்தில் அறைந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட படகுகள் அலை தொடும் தூரத்தில் வரிசையாகக் கிடந்தன. ஆண்கள் ஒவ்வொரு படகாகத் தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார்கள். பிரமாண்டமான அலை ஒன்று வரும், தள்ளியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் டிராக்டர் நின்றது. டிராக்டர்காரர் அதன் சக்கரத்தில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, யோசிச்சுச் சொல்லு. எப்ப ஒழுகுது?”

“நின்னா ஒழுவாது. ராத்திரி பூரா நிக்கும், கீய ஒரு சொட்டு இருக்காது. நாலஞ்சி படகு இஸ்த்தா போதும், பேஜாரு ஆரம்பிச்சிடும்.”

கியர் பாக்ஸின்மேல் கை வைத்தேன், நான் வருகிறவரை இழுத்துப் பார்த்திருந்ததால் சுட்டது. சரி, ஆயில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்போம் என்று ஆயில் ஊற்றும் மூடியைத் திருகினேன். இறுகிக் கிடந்தது. ஸ்பேனரைப் போட்டு முழு பலத்தோடு திருப்பினேன்.

உஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். மூடி என் கையை உதறிக்கொண்டு போனது. உள்ளிருந்து சூடான காற்றும் ஆயில் தூறலும் என் முகத்தில் அடித்தன. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் பின்னால் குதித்தார்கள். நான் நகரவில்லை. முகத்தில் ஆயில் வழிய அப்படியே நின்றேன். சீல், சீல் என்று நான் வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தேனே, உள்ளே காற்று என்று ஒன்று இருப்பதை மறந்தே போனேனே என்று எனக்கு அந்த இடத்திலேயே பளிச்சென்று விளங்கியது.

வீட்டில் குக்கர் வைக்கிற பெண்ணுக்கு இதை ஒருவர் சொல்லித்தர வேண்டுமா? வண்டி இழுக்க இழுக்க கியர் பாக்ஸ் சூடாகிறது. உள்ளே இருக்கிற காற்று விரிகிறது. போக வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் எது பலவீனமோ அதைத் தள்ளிக்கொண்டு வரும். எல்லாவற்றிலும் பலவீனமானது என் சீலின் உதடு.

“இதுக்கு மூச்சு விட ஒரு ஓட்டை இருக்கணும். கம்பெனியிலயே வெச்சிருப்பான். சின்னதா, குடை மாதிரி ஒரு மூடி. எங்க அது?” என்று கத்தினேன்.

மச்சான் முன்னால் வந்தார். “கியர் கம்பிக்குப் பின்னால கீதுக்கா. அலை அடிச்சா தண்ணி போயிடும்னு நாந்தான் ரெசின் ஊத்தி, மேல ஃபைபர் ஒட்டி…” என்று பெருமையாக ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். டிராக்டரைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

என் வாயில் வசவு தயாராகத்தான் இருந்தது. ஆனால் வெளியே வரவில்லை. பெயின்டுக்குக் கீழே ஒரு சின்ன மேடு தெரிந்தது. அவ்வளவு நேர்த்தியாக, தேய்த்து வழவழப்பாக்கி, இரும்போடு இரும்பாக அடைத்திருந்தார். ஓட்டை என்றாலே கடல் உள்ளே வரும் வழி என்று பிறந்ததிலிருந்து தெரிந்துகொண்ட ஜனங்கள் வேறு எப்படிச் செய்வார்கள்? உயிர் போகிற விஷயம் அல்லவா அது அவர்களுக்கு. திறந்தே இருக்க வேண்டிய ஓட்டை என்று ஒன்று உலகத்தில் உண்டு என்று படகு எதுவும் அவர்களுக்குச் சொல்லியிருக்காது.

“ஒடை!” என்றேன். உளியால் உடைத்தார். குடைமூடி வெளியே வந்தது. கம்பி விட்டுக் குத்தித் துவாரத்தைத் திறந்தோம்.

“ஆனா அக்கா,” என்றார் மச்சான், உளியைக் கீழே வைக்காமலே, “கொதிக்கிற வண்டிய கடல்ல எறக்கினா சட்டுனு குளுந்துடும். குளுந்தா இந்த ஓட்ட வழியா தண்ணிய உறிஞ்சிக்குமே. அப்ப உள்ள கியரு எல்லாம் கலீஜ் ஆயிடாதா?”

நியாயமான கேள்வி. விரிந்த காற்று வெளியே போக வேண்டும்; கடல் உள்ளே வரக்கூடாது. ஒரே ஓட்டை. டிராக்டர்காரர்தான் வழி சொன்னார்.

“படகு இன்ஜினுக்கு டீசல் போவுதே, அந்த டியூபு இருந்தா குடு. ஓட்டைல சொருகி ஒசக்க கட்டிடலாம். அல இன்னா என் தலைக்கு மேலயா வரும்?”

அவர் சொல்லி முடிப்பதற்குள் டியூப் வந்தது. மச்சான் அதைத் துவாரத்தில் சொருகி, சுற்றிலும் ரெசின் வைத்து அப்பினார். சீக்கிரம் இறுகட்டும் என்று மருந்தைக் கூடுதலாகக் கலந்தார். தூறல் விழாமல் பெண்கள் நான்கு பேர் தார்பாயைப் பிடித்துக்கொண்டார்கள். டியூபை இருக்கைக்குப் பின்னால் ஒரு மூங்கிலில் ஏற்றிக் கட்டி, நுனியைக் கீழ்நோக்கி வளைத்துவிட்டார். அந்த நேரத்துக்குள் மற்றவர்கள் கிளட்சின் அடித்தகட்டைக் கழற்றி, சூடு ஆறிய பிளேட்டில் பெட்ரோலைப் பீய்ச்சிக் கழுவி உலர விட்டார்கள். மறுபடி வண்டியைப் பிரித்து சீல் மாற்ற நேரமில்லை. உள்ளே இருக்கிற சீலின் உதடு கிழியாமல் விலகித்தான் வழிவிட்டிருக்க வேண்டும் என்று நான் நம்பினேன். நம்பினேன் என்பதைத் தவிர வேறு எதுவும் என் கையில் இல்லை. பை நிறைய நான் கொண்டுபோன சீல்கள் பையிலேயே இருந்தன.

பிறகு அவர் ஏறி உட்கார்ந்தார்.

அந்த மதியத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு படகு. கயிற்றை அவிழ்த்து, இறங்கி, இன்னொரு படகு. டிராக்டர் பின்னால் போய் நுரைக்குள் இறங்கும். சக்கரம் பாதி மறையும். மூங்கிலில் கட்டிய டியூப் மட்டும் மேலே நின்று ஆடும். அலை பின்வாங்குகிற கணத்துக்காக அவர் திரும்பிப் பார்த்துக் காத்திருப்பார். கடலோடு பழகிய கண் அது. எந்த அலை முதுகு கொடுக்கும், எது காலை வாரும் என்று அதற்குத் தெரியும். கிளட்சை விடுவார். புகை கக்கிக்கொண்டு வண்டி ஏறும். ஒவ்வொரு தடவை மேலே வந்தபோதும் நான் குனிந்து அடியில் பார்த்தேன். எல்லாம் நனைந்து சொட்டிக்கொண்டிருந்ததில் எது தண்ணீர், எது ஆயில் என்று சொல்ல முடியவில்லை. வழுக்கவில்லை, அது மட்டும் தெரிந்தது. பழைய இரும்பும் ஒரு ரப்பர் உதடும் ஒரு மனிதரின் ஒற்றைக் கையும் சேர்ந்து அந்தக் கடலிடமிருந்து படகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தன. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. யாரும் கவனிக்கவில்லை, மழை நல்லவேளையாகப் பிடித்துக்கொண்டது.

வெளிச்சம் மங்கும்போது கடைசிப் படகு மட்டும் மிச்சம். கயிறு மாட்டி இழுக்கும்போது பெரிய அலை ஒன்று படகைத் தூக்கி மேலே எறிந்தது. படகு டிராக்டரைத் தாண்டி மணலில் போய் விழுந்தது. ஜனங்கள் பாய்ந்து பிடித்துக்கொண்டார்கள். அதே அலை திரும்பிப் போகும்போது டிராக்டரின் அடியிலிருந்த மணலை அரித்துக்கொண்டு போனது. பின்சக்கரங்கள் இறங்கின. அடுத்த அலை இன்ஜின்மேல் ஏறியது. இன்ஜின் இருமி நின்றுவிட்டது.

“எறங்குடா! எறங்கி வா!” என்று கரையிலிருந்து கத்தினார்கள்.

அவர் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கை இடது கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அலை ஒவ்வொன்றும் அவர் மார்பில் அடித்தது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். “வண்டி போனா போவட்டும் தம்பி, வந்துடு!” அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

காயலான் கடைக்குப் போடலாம் என்ற தலைவர் இருக்கிறாரே, நரைத்த மனிதர், அவர்தான் கயிற்றை முதலில் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினார். டிராக்டரின் முன்கொக்கியில் முடிச்சுப் போட்டார். “நீ நூட்ரல்ல போட்டுட்டு ஸ்டீரிங்க நேரா புடி நைனா, நாங்க இஸ்த்துக்கிறோம்” என்று அவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. கயிறு கரைக்கு வந்ததும் பார்க்கிறேன், குப்பம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மீன் கூடை தூக்கும் பெண்கள், பள்ளிக்கூடச் சட்டையோடு பிள்ளைகள், மச்சான், டிராக்டர்காரரின் மனைவி. எனக்கும் ஒரு பிடி இடம் விட்டார்கள். ஒருவர் ராகம் போட்டுக் குரல் கொடுத்தார், எல்லாரும் அதற்குப் பதில் கொடுத்து இழுத்தோம். டிராக்டர் வருவதற்கு முன்னால் படகுகளை அப்படித்தான் இழுத்தார்களாம். இப்போது படகிழுக்கும் வண்டியைப் படகு மாதிரி இழுத்தார்கள். கயிறு என் உள்ளங்கைத் தோலை உரித்தது. விட மனசு வரவில்லை. இத்தனை மனிதர்களின் பலம் ஒரே கயிற்றில் வந்து என் கைக்குள் அதிர்ந்ததை நான் இதற்கு முன் உணர்ந்ததே இல்லை. நான் பயந்தே போனேன், அவ்வளவு பெரிதாக இருந்தது அது.

வண்டி ஆடியது. ஒரு முழம் வந்தது. பிறகு மொத்தமாகக் கிளம்பி, கண் வரைந்த மூக்கை நீட்டிக்கொண்டு, நீர் கொட்டக் கொட்ட மேட்டில் ஏறி நின்றது.

எல்லாரும் வண்டியின் அடியைப் பார்த்தார்கள். கியர் பாக்ஸின் கீழே சொட்டிக்கொண்டிருந்தது. விடாமல், கனமாக, சொட்டுச் சொட்டாக. அந்த மங்கலில் எல்லாமே கறுப்பாகத்தான் தெரிந்தது. தலைவர் என்னைப் பார்த்தார்.

டிராக்டர்காரர் இறங்கினார். நடுங்கிக்கொண்டிருந்தார். ஈர மணலில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். முன்பக்கம் தடவினார். இரண்டு சக்கரத்தின் உட்புறமும் தடவினார். அந்தச் சொட்டில் விரலைப் பிடித்து எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

“உப்புக்கா.”

தலைவர் குனிந்து கையை நீட்டினார், ஒரு சொட்டைப் பிடித்து நக்கிப் பார்த்தார். மச்சான் பார்த்தார். அவர் அக்காள், டிராக்டர்காரரின் மனைவி, பார்த்தாள். பிறகு குப்பமே குனிந்து கை நீட்டத் தொடங்கியது. கடைசியில் நானும் தோலுரிந்த உள்ளங்கையில் ஒரு சொட்டைப் பிடித்தேன். சுரீரென்று எரிந்தது. நாக்கில் வைத்தேன். ஆயில் வாடையே இல்லை. வெறும் கடல்.